ஐஸ் கட்டி விழவில்லையா? திருடன் எங்கே ஒளிந்திருக்கிறான்?

சித்திரை மாதம். மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. சம்பந்தி வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். மோர் கரைத்தாயிற்று. இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டுக் கொடுக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால், ஐஸ் விழும் பெட்டி காலி!

சாதாரணப் பிரிட்ஜாக இருந்தால் கவலை இல்லை. தட்டில் நாமே தண்ணீர் ஊற்றி வைப்போம். உறைந்ததும் திருகி எடுப்போம். ஆனால் இது அப்படி அல்ல. இரண்டு கதவு வைத்த பெரிய பெட்டி. தானே தண்ணீர் பிடித்து, தானே உறைய வைத்து, தானே கட்டிகளைக் கொட்டும் பெட்டி. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டு வாங்கியது. சமயத்தில் காலை வாரிவிட்டது!

மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். சிலர் வந்து கதவைத் திறந்து பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "போர்டு போயிடுச்சு." போர்டு என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. போர்டு மாற்றிய பிறகும் ஐஸ் விழவில்லை என்றால்? போன பணம் போனதுதான்.

பல வீடுகளில் உண்மையான திருடன் போர்டு அல்ல. மிளகு அளவே உள்ள ஒரு சின்னப் பொருள். அதற்குச் "சென்சார்" என்று பெயர். அவனை எப்படிப் பிடிப்பது? வீட்டில் இருக்கும் ஒரு டம்ளரும், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மீட்டரும் போதும்!

1833: ஒரே ஆண்டில் இரண்டு அதிசயம்

ஐஸ் கட்டிக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து "டஸ்கனி" என்ற கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. கப்பலில் என்ன சரக்கு தெரியுமா? ஐஸ்! பனிக்காலத்தில் ஏரியில் உறைந்த நீரை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடல் பயணத்தில் கொண்டு வந்தார்கள். ஏற்றியது சுமார் 180 டன். கரைந்தது போக 100 டன் அளவுக்கு மிச்சம் இருந்தது. அனுப்பியவர் பிரடெரிக் டூடர் என்ற வியாபாரி. அவரே 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் சேமிக்க ஒரு கட்டடம் எழுப்பினார். அதுதான் "ஐஸ் ஹவுஸ்". பிற்பாடு 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் போய்விட்டது, அந்தப் பகுதிக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதே 1833இல் லண்டனில் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி ஒரு விசித்திரத்தைக் கண்டார். இரும்பு, செம்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் அவற்றில் மின்சாரம் பாய்வது கடினமாகும். ஆனால் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது, மின்சாரம் முன்னைவிடச் சுலபமாகப் பாய்ந்தது! உலக வழக்கத்துக்கு நேர் எதிர்!

கப்பலில் ஐஸ் வந்ததும், பாரடே இதைக் கண்டதும் ஒரே ஆண்டு. இரண்டுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்று இரண்டும் உங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்குள் கைகோத்து நிற்கின்றன. பாரடே கண்ட அந்தக் குணத்தை வைத்துச் செய்ததுதான் "தெர்மிஸ்டர்" என்ற சென்சார். குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் பிரிட்ஜ் குளிரை அறிகிறது.

எறையூர் சொல்லும் பாடம்

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் என்றால் கரும்பு விவசாயிகளுக்கு உடனே ஞாபகம் வருவது பொதுத்துறைச் சர்க்கரை ஆலை. இப்போது சிப்காட் தொழில் பூங்காவும் சேர்ந்திருக்கிறது. நமக்கு வேண்டியது ஆலை.

சர்க்கரை ஆலையில் பெரிய கொப்பரையில் பாகு காயும். உள்ளே எத்தனையோ டன் பாகு. அத்தனையையும் யாராவது கொட்டிப் பார்க்க முடியுமா? பாகு காய்ச்சுகிறவர் ஒரு கம்பியை உள்ளே விட்டு, துளி பாகை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பார்ப்பார். மணி கட்டியிருக்கிறதா, இல்லையா? அந்தத் துளியை வைத்துத்தான் முழுக் கொப்பரையின் பதமும் தீர்மானம் ஆகும். வீட்டில் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பார்ப்பதும் இதே கணக்கு.

ஐஸ் தட்டிலும் இதுதான் நடக்கிறது. தட்டில் எட்டோ பத்தோ குழிகள். சென்சார் இருப்பது தட்டின் அடியில் ஒரே இடத்தில். அந்த இடம் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரிக்கு வந்துவிட்டால், "எல்லாக் குழியும் உறைந்துவிட்டது" என்று போர்டு நம்பிவிடும். மோட்டார் தட்டைத் தலைகீழாகத் திருப்பி முறுக்கும். கட்டிகள் "சடசட"வென்று விழும். தட்டு நிமிரும். வால்வு திறந்து சுமார் 100 மில்லி தண்ணீர் பாயும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். ஒரு ஈடு ஐஸ் விழ ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும்.

பதம் பார்க்கிறவர் கண் கெட்டுப்போனால்? பாகு நன்றாக இருந்தும் காரியம் கெடும். அதே கதைதான்!

மூன்று ஒற்றர்கள்

பிரிட்ஜுக்குள் ஐஸ் விஷயத்தில் மூன்று ஒற்றர்கள் வேலை செய்கிறார்கள்.

முதல் ஒற்றன் மேலே சொன்ன தெர்மிஸ்டர். "உறைந்ததா?" என்று பார்ப்பவன்.

இரண்டாவது ஒற்றன் "பெட்டி நிறைந்ததா?" என்று பார்ப்பவன். சில பிரிட்ஜில் இது ஒரு பிளாஸ்டிக் கை. கீழே இறங்கித் தடவிப் பார்க்கும். கட்டிகள் தடுத்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வேறு சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். கட்டிகள் குறுக்கே வந்து கதிரை மறைத்தால் நிறைந்துவிட்டது.

மூன்றாமவன் தட்டு நேராக இருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று மோட்டாருக்குள்ளிருந்து சொல்பவன். இவன் கெடுவது குறைவு. கெட்டால் தட்டு பாதியில் சாய்ந்தபடியே நிற்கும். பார்த்தாலே தெரியும்.

தகராறு அதிகம் செய்கிறவர்கள் முதல் இருவர்தான்.

"இருங்கக்கா, போர்டை விடுங்க!"

எறையூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்த மெக்கானிக் வந்திருக்கிறார்.

"என்ன தம்பி, போர்டு மாத்தணுமா? போன தடவை வந்தவரு அப்படித்தான் சொன்னாரு."

"இருங்கக்கா, போர்டை விடுங்க. முதல்ல தட்டைப் பார்ப்போம். தட்டுல தண்ணி இருக்கா, ஐஸ் இருக்கா, இல்ல வெறும் தட்டா?"

இந்த ஒரு கேள்வியில் பாதி வழக்கு முடிந்துவிடும். எப்படி?

தட்டு காய்ந்து கிடந்தால், தெர்மிஸ்டர் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் வரவில்லை. டாங்க் காலியா, பில்டர் அடைத்ததா, தண்ணீர் விழும் குழாய் வாயில் ஐஸ் கட்டி அடைத்ததா, வால்வு திறக்கவில்லையா என்று அந்த வழியில் தேட வேண்டும். அல்லது இரண்டாவது ஒற்றன் "பெட்டி நிறைந்துவிட்டது" என்று பொய் சொல்லி வேலையை நிறுத்தி வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் கையை ஒரு கட்டி தூக்கிப் பிடித்திருக்கிறதா? ஒளிக்கதிர் வரும் கண்ணில் பனி படர்ந்திருக்கிறதா? உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வீடுகளில் ஐஸ் விழ ஆரம்பித்துவிடும். மெக்கானிக்குக் கூலி கொடுக்க மனசு வராது!

தட்டில் முழுக்க ஐஸ் இருக்கிறது, ஆனால் விழவில்லை என்றால் வேறு கதை. உறைந்ததை போர்டு நம்பவில்லை. அல்லது மோட்டார் திருப்பவில்லை. எது?

"அக்கா, இந்த மூலையில ஒரு சின்ன பட்டன் இருக்கு பாருங்க. இதைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிக்கிறேன்."

பல பிரிட்ஜ்களில் ஐஸ் தட்டின் பக்கத்தில் சோதனைப் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் சென்சார் என்ன சொன்னாலும் கேட்காமல் தட்டு ஒரு முறை கவிழ்ந்து நிமிரும், தண்ணீரும் பிடிக்கும். பட்டனை அமுக்கியதும் தட்டு திரும்பி, ஐஸ் விழுந்து, தண்ணீரும் வந்தால் மோட்டார் நல்லது, வால்வு நல்லது, அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் போர்டும் பெரும்பாலும் நல்லது. மிச்சம் யார்? தெர்மிஸ்டர்!

"அப்ப போர்டு நல்லாருக்குதா தம்பி?"

"பட்டனுக்கு இவ்வளவு அழகா வேலை செய்யுதேக்கா! அதை எதுக்கு மாத்தணும்?"

இரண்டு விதப் பொய்

தெர்மிஸ்டர் சொல்லும் பொய் இரண்டு வகை. குளிர்ந்தால் தடை ஏறும் என்று சொன்னோம் அல்லவா? அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாரின் உறைக்குள் ஈரம் புகுந்துவிட்டால் மின்சாரத்துக்கு இன்னொரு குறுக்கு வழி கிடைக்கும். தடை குறையும். தடை குறைந்தால் "இன்னும் சூடாக இருக்கிறது" என்று அர்த்தம். தட்டில் ஐஸ் கல்லாக உறைந்து கிடக்கும். போர்டோ "இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை" என்று காத்துக்கொண்டே இருக்கும்.

இணைப்பு முனையில் களிம்பு ஏறினாலோ, ஒயர் உள்ளே அறுந்தும் அறாமலும் இருந்தாலோ, தடை கூடும். கூடினால் "மிகவும் குளிர்ந்துவிட்டது" என்று அர்த்தம். அரைகுறையாக உறைந்ததை அவசரப்பட்டுக் கொட்டிவிடும். கட்டியை உடைத்தால் உள்ளே தண்ணீர்! அந்தத் தண்ணீர் கீழே கசிந்து, பெட்டியில் உள்ள கட்டிகளையெல்லாம் ஒட்ட வைத்து ஒரே பாறையாக்கிவிடும். "ஐஸ் ஒட்டிக்கொள்கிறது" என்று புகார் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒயர் முழுக்க அறுந்துவிட்டால் அநேக பிரிட்ஜ்கள் பொய்யை நம்புவதில்லை. "இப்படி ஒரு குளிர் உலகத்திலேயே கிடையாது" என்று உணர்ந்து, முகப்பில் ஒரு எழுத்தையோ எண்ணையோ காட்டி வேலையை நிறுத்திவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பெட்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். புத்தகம் எங்கே என்கிறீர்களா? பீரோவுக்கு மேல், கல்யாணப் பத்திரிகைகளோடு இருக்கும்.

ஒயர் ஏன் அறுகிறது? ஒவ்வொரு ஈட்டுக்கும் தட்டு கவிழ்கிறது, நிமிர்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் ஒயரும் கூடவே வளைகிறது. நாளைக்குப் பத்துத் தடவை என்றால் வருஷத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல்! அதுவும் உறைகிற குளிரில். கம்பியும் என்ன செய்யும், பாவம்!

டம்ளர் பரீட்சை

இனி நேரடிப் பரீட்சை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியாக இருந்தால் நீங்கள் திறக்கவே வேண்டாம். கம்பெனி ஆளே திறக்கட்டும்.

ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஐஸும் நீரும் கலந்த அந்தக் கூழ் எப்போதும் பூஜ்யம் டிகிரியில் நிற்கும். எறையூரிலும் சரி, லண்டனிலும் சரி. இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான அளவுகோல் வேறு கிடையாது. ஐஸ் இல்லை என்றுதானே இந்தப் பாடு என்கிறீர்களா? பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள்!

சென்சாரைக் கழற்றி, இணைப்பை எடுத்துவிட்டு, தலைப்பாகத்தை மட்டும் கூழுக்குள் 5 நிமிஷம் அமிழ்த்துங்கள். இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துத் தடையை அளவெடுங்கள். 10 ஆயிரம் ஓம் வகைச் சென்சாராக இருந்தால், 27 ஆயிரத்துக்கும் 34 ஆயிரத்துக்கும் இடையில் காட்ட வேண்டும். வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. 5 ஆயிரம் ஓம் வகையும் உண்டு. அந்த மாடலுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

இந்த இடத்தில் அனுபவம் இல்லாத மெக்கானிக் ஒரு தப்புச் செய்வது உண்டு. "10 ஆயிரம் ஓம்" என்பது 25 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. சித்திரை மாதம் எறையூர் வீட்டில் 25 டிகிரிக்கு எங்கே போவது? கூடமே 35 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் நல்ல சென்சாரே 6,500 முதல் 7,000 ஓம்தான் காட்டும். "10 ஆயிரம் காட்டவில்லை, கெட்டுவிட்டது" என்று நல்ல சென்சாரைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள்! அதனால்தான் டம்ளரை நம்புங்கள், அறை வெப்பத்தை நம்பாதீர்கள் என்பது.

பிறகு சென்சாரைத் துடைத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். மீட்டரில் எண் நிதானமாக, படிப்படியாக இறங்க வேண்டும். குதித்தால், நின்றால், முடிவிலிக்கு ஓடினால் ஆள் கெட்டவன். ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மட்டும் எண் தாவினால் உள்ளே அறுந்திருக்கிறது.

ஆள் நல்லவன், இடம் சரியில்லை!

பரீட்சையில் சென்சார் தேறிவிட்டது. ஆனாலும் அரைகுறை ஐஸ் விழுகிறது. இது என்ன மாயம்?

தட்டின் அடியில் சென்சாரைச் சுற்றி ஒரு மூடியும் பஞ்சு மாதிரி ஒரு துண்டும் இருக்கும். குளிர்க்காற்று நேரே சென்சார் மேல் அடிக்காமல் காப்பது அதன் வேலை. அது விலகிவிட்டால் சென்சார் அளப்பது தட்டின் குளிரை அல்ல, காற்றின் குளிரை. காற்றோ பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி! தட்டில் தண்ணீர் தளும்பும்போதே "உறைந்துவிட்டது" என்று சத்தியம் செய்துவிடும். சென்சாரை மாற்றி என்ன பயன்? புதிதாக வருகிறவனும் அதையேதான் சொல்லுவான். மூடியைச் சரியாகப் பொருத்தினால் போதும்.

தண்ணீர் செய்யும் வம்பு

அரியலூர்ப் பக்கம் பூமிக்குள் சுண்ணாம்புக்கல். ஆதி காலத்தில் கடல் இருந்த இடம். அதனால்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். இந்த வட்டாரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். அந்தப் படிவு ஐஸ் வால்வையும் விடாது. வால்வின் வாயில் உள்ள சின்ன வலை அடைத்துக்கொள்ளும். தட்டில் தண்ணீர் பாதிதான் விழும். கட்டிகள் சிறுத்துப் போகும்.

வால்வு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம். தட்டு வழிந்து, அடியில் உறைந்து, சென்சாரையே ஐஸுக்குள் புதைத்துவிடும். பார்க்கிறவர் சென்சார் மேல் பழி போடுவார். அடுத்த மாதம் புதுச் சென்சாரும் அதே கதி. சிறிய வெளிறிய கட்டிகளும், தட்டின் அடியில் பாறையாக ஐஸும் கண்டால் முதலில் தண்ணீர் வழியைப் பாருங்கள். பில்டர் வைத்த தண்ணீரை விடுவது நல்லது.

சென்சார் உண்மை சொன்னால்?

இதுதான் முக்கியமான விஷயம். "ஐஸ் ஆகவில்லை" என்று சென்சார் சொல்வது மெய்யாகவே இருக்கலாம்! பிரீசரே குளிராமல் இருக்கலாம். அப்போது போகப்போவது ஐஸ் மட்டும் அல்ல. பிரீசரில் வைத்த மீனும் கறியும் போகும். கீழ்த்தட்டுப் பாலும் தயிரும் கெடும்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. பிரிக்காத இன்சுலினை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். பெட்டி குளிரவில்லை என்பதை ஐஸ் தட்டுத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மருந்துக் குப்பியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இன்சுலின் உறைந்தாலும் கெட்டது. அதைப் பிரீசரில் வைக்கவே கூடாது. பெட்டி பல மணி நேரம் குளிராமல் இருந்தது என்று தெரிந்தால், அந்த மருந்தைப் போட்டுக்கொள்வதற்கு முன் டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேளுங்கள்.

ஆகவே சென்சாரைத் தொடுவதற்கு முன்பே, ஒரு பிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் பிரீசரில் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 18க்கு அருகில் இருந்தால் சரி. கீழே 10ஐக்கூட எட்டவில்லை என்றால் குற்றவாளி வெளியே இருக்கிறான். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. பின்புறக் கம்பிகளில் தூசி அடைந்திருக்கிறதா? பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கிறதா? சாயங்காலத்தில் மின் அழுத்தம் இறங்கி மோட்டார் முனகுகிறதா?

கத்தியை எடுக்காதீர்கள்

ஒட்டிக்கொண்ட ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். செய்யாதீர்கள்! உள்ளே குளிர்க்குழாய் ஓடுகிறது. இப்போது வரும் பல வீட்டுப் பிரிட்ஜ்களில் ஐசோபூட்டேன் என்ற வாயு இருக்கிறது. எரியக்கூடிய வாயு. குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்டிக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தானாக இளகும். வெந்நீரை மேலே கொட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக் விரிந்து போகும்.

உலோகத் தட்டு உள்ள மாடல்களில் ஐஸை இளக்க அடியில் ஒரு சூட்டுக் கம்பி இருக்கும். அது விரலைச் சுடும்.

சென்சார்தான் கெட்டது என்று முடிவானால் மாடல் எண்ணைக் காட்டி அதே வகையைக் கேட்டு வாங்குங்கள். 10 ஆயிரம் ஓம் இருந்த இடத்தில் 5 ஆயிரம் ஓமை வைத்தால் பிரிட்ஜுக்குப் புத்தி பேதலித்துவிடும். சில மாடல்களில் சென்சாரைத் தனியாக விற்பார்கள். செலவு சில நூறு ரூபாயில் முடியும். வேறு சிலவற்றில் தட்டு, மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாகத்தான் விற்பார்கள். அதற்குச் செலவு கூட. எதை மாற்றினாலும் பழைய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் பரீட்சையை அதற்கும் ஒரு முறை நடத்திப் பார்க்கலாம். மாற்றியது நியாயம்தானா என்று தெரிந்துவிடும்!

புதுச் சென்சார் போட்டதும் உடனே ஐஸ் வராது. பெட்டி நன்றாகக் குளிர ஒரு நாள் ஆகும். அடிக்கடி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் இன்னும் தாமதம். முதலில் விழும் இரண்டு ஈடு ஐஸைத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். மூன்றாவது ஈட்டில் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். நடுவில் தண்ணீர் இல்லாமல் கல்லாக இருந்தால், பெட்டியை மூடி, மெக்கானிக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பலாம்.